அகிலாண்டத்துக்கு வந்தது வாயு

எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபி டம்ளரை நீட்டும்போதே என் அம்மா வாலாம்பாள் இதையும் சேர்த்து நீட்டிவிடுவாள். அப்பா நாற்பத்தெட்டு வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனது வியாதி இல்லையாம், ஆயுசு அவ்வளவுதானாம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. அது வசதியானவர்களுக்கு வருவது, ஆகவே அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். அத்தை ஒருத்தி பத்து வருஷம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆரோக்கியமான குடும்பத்துக்குத்தான் 1971-இல் அகிலாண்டம் மருமகளாக வந்து சேர்ந்தாள்.

எனக்கு மன்னி, அண்ணாவின் மனைவி. உசிலம்பட்டிக்காரி. அவள் அப்பா அங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் வீடு. அந்தக் காய்ந்த சீமையிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாள் புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, “எம்புட்டுப் போடணும், அம்மா?” என்று கேட்டாள்.

“எம்புட்டா? பிராமணாள் ஆத்துல பேசற பேச்சாடி இது?” என்றாள் என் அம்மா.

“உசிலம்பட்டியில பிராமணாளும் அப்படித்தான் கேப்பா. அப்பத்தான் கடைக்காரன் குறைக்காமப் போடுவான்” என்றாள் அகிலாண்டம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அது வராது.

அப்போது நாங்கள் விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டிப் புதிதாகக் கட்டிய வீட்டில் இருந்தோம். சுற்றிலும் வயல். அகிலாண்டம் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வேகமாக நடப்பாள். வறுத்த வேர்க்கடலை என்றால் உயிர். வாங்கியதை நின்றபடியே தின்று முடித்துவிட்டு, பொட்டலம் கட்டிய தாளைப் பிரித்து அதிலிருக்கிற பழைய செய்தியையும் வாசித்துவிட்டுத்தான் எறிவாள். “பழைய பேப்பர் படிக்கிறதுல எனக்கும் உங்கண்ணாவுக்கும் ஒரே புத்தி” என்பாள்.

என் அண்ணா பட்டாபிராமன் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ரிக்கார்டு கிளார்க். வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதைத் தவிர அவனுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் கிடையாது. அலுவலகத்தில் ஹெட் கிளார்க் சொல்வார், வீட்டில் அம்மா சொல்வாள், இவன் இரண்டு இடத்திலும் தலையாட்டுவான். தலையாட்டியே ரிட்டயர் ஆனவன் அவன்.

1973-இல் அகிலாண்டம் உண்டானாள். ஏழாம் மாதம் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. தாலிக்கொடி கழுத்தை அழுத்துகிறது என்றாள். அம்மா இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் கோத்துக்கொள்வது சகஜமாம், முகம் உப்பினால் பெண் குழந்தையாம். ஆஸ்பத்திரியில் பதிவு செய்ய அகிலாண்டம் இரண்டு தரம் கேட்டாள். அண்ணா அம்மாவைப் பார்த்தான். வளைகாப்பு, சீமந்தம் முடிந்ததும் போகலாம் என்று அம்மா சொன்னாள். இவன் தலையாட்டினான்.

எட்டாம் மாதம் வளைகாப்பு. வளையல் அடுக்க வந்தவர் சோணைமுத்து என்கிற வளையல்காரர். இருபது வருஷமாக அந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகளின் கைகளுக்கெல்லாம் வளையல் போட்டவர். போன மாதமே வந்து அகிலாண்டத்தின் கைக்கு அளவு பார்த்துக்கொண்டு போயிருந்தார். அன்று கையைப் பிடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“என்னம்மா இது, கை இம்புட்டு வீங்கிப் போச்சு? ரெண்டு அளவு கூடியிருக்கே. அமுக்குனா குழி விழுது. டாக்டரம்மாகிட்டக் காட்டுனீகளா?”

“நீ வளையலை அடுக்கு. வைத்தியத்தை நாங்க பாத்துக்கறோம்” என்றாள் அம்மா.

“இல்லம்மா, நான் எத்தனையோ கையைப் பாத்துட்டேன். இந்த மாதிரி கை நல்லதுக்கில்லை. பெரிய அளவும் நான் கொண்டாரலை. வளையலை இன்னொரு நாள் போட்டுக்கிருவோம்.”

கூடத்தில் முப்பது பெண்கள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் கால்மணிதான் இருந்தது. அம்மா உள்ளே போய்ச் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்தாள். சோப்பைக் குழைத்து அகிலாண்டத்தின் கையில் பூசி, வளையல்காரரிடமிருந்து வளையலைப் பிடுங்கித் தானே மாட்டினாள். ஏழு வளையல் உடைந்தது. மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அதைப் புடவைத் தலைப்பால் மறைத்துவிட்டுப் பாட்டுப் பாடச் சொன்னாள். நானும் பாடினேன். எனக்கு அப்போது இருபது வயது. குரல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் வரன் வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் முழுக்க அகிலாண்டத்துக்குத் தலைவலி. கண்ணில் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சீமந்தத்து ஹோமப் புகை என்றாள் அம்மா. சாயங்காலம் அதுவே கண்திருஷ்டியாக மாறியது. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, பாயில் படுத்திருந்தவளுக்கு வலிப்பு வந்தது. கண் சொருகி, பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

அண்ணா அன்றைக்கு லீவு. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓடிப்போய் அலுவலகச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்தான். அரசாங்கத்து ரிக்கார்டு ரூம் சாவி. திணித்துவிட்டு, சாவி தொலைந்துபோகாமல் இருக்கப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தான். இதை நான் கட்டிச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தது. நான்தான் ரோட்டுக்கு ஓடி, திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு வாடகைக் காரை மறித்து நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அவளுக்காக நான் செய்த ஒரே காரியம் அதுதான். அதனால்தான் அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் இன்னொரு வலிப்பு. டாக்டர் சாரதாம்பாள் அன்று ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். பெண் குழந்தை. ராதாமணி என்று பெயர் வைத்தோம். அகிலாண்டம் இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் அகிலாண்டத்தோடு அம்மா, அண்ணா, நான் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. இது காக்காவலிப்பு இல்லை. கர்ப்பத்துல பிரஷர் ஏறி, அதனால வந்த வலிப்பு. பிரசவத்தோட வலிப்பு போயிடும். ஆனா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. இப்படி வந்தவங்களுக்கு நாற்பது வயசுக்குள்ளேயே பிரஷர் திரும்ப வந்து நெஞ்சுல உட்கார்றதை நான் பாத்திருக்கேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரஷர் பாருங்க. உப்பைக் குறைங்க. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் முதல்ல இதைச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு பெரியவளாகி உண்டாகும்போதும் இதைச் சொல்லணும்.”

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதை அண்ணா பத்திரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். தாளை வாங்குவதில் அவனுக்கு இணை கிடையாது.

மறுவாரம் பிச்சுமணி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் யாருக்கு எந்த இடத்தில் சம்பந்தம் முடிக்கலாம் என்று வீடுவீடாகப் போய்க் காபி குடிப்பது அவர் தொழில். எனக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை சாம்பசிவம், காலேஜ் லெக்சரர், காளவாசல் பக்கம் சொந்த வீடு. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் மாமா குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, வலிப்புங்கற வார்த்தை வாசல்படியைத் தாண்டப்படாது. அவாள்ளாம் துருவித் துருவி விசாரிக்கிறவா. உங்காத்துல ஒருத்திக்கு வலிப்புன்னு காதுல விழுந்தா ஸ்யாமளாவை எவன் பண்ணிப்பான்?”

அகிலாண்டம் வேறு வீட்டுப் பெண். அவள் ரத்தம் என் உடம்பில் எந்த வழியாக வரும்? இதைக் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பி.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. லெக்சரர் மாப்பிள்ளை என்றதுமே என் மூளை பாதி வேலையை நிறுத்திவிட்டது.

அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் அந்தத் தாளை அண்ணா எரித்தான். அலுவலகத்தில் எலி கடித்த ஒரு கோப்பை அழிக்க வேண்டும் என்றாலும் மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருப்பான். மனைவியின் உயிரைப் பற்றி எழுதிய தாளுக்கு அம்மா சொன்னதே போதுமானதாக இருந்தது.

தாளை எரித்தாயிற்று, அகிலாண்டத்தின் வாயை என்ன செய்வது? அம்மாவுக்கு அதற்கும் வழி தெரியும். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற அன்று காலை, விருந்தாளிகள் வருவதற்கு முன்பு, அறைக் கதவைச் சாத்தினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அகிலாண்டத்தின் வலதுகையை இழுத்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில நடந்ததை ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

அகிலாண்டம் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். “டாக்டர்கிட்டக்கூடவா?” என்றாள்.

“டாக்டருக்கும் ஆத்துக்காரி இருப்பா. அவளுக்கும் வாய் இருக்கும்.”

“அம்மா, எது வேணா கேளுங்கோ. குழந்தை தலையில வேண்டாம்.”

“அப்ப ஸ்யாமளா கல்யாணமாகாம நின்னா உனக்குச் சந்தோஷமா?”

அகிலாண்டம் என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்காக அவள் இதைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. நான் குனிந்து என் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டேன். அவள் சத்தியம் செய்தாள். குழந்தை தலையில் செய்த சத்தியத்தை மீறினால் அந்தக் குழந்தைக்கு ஆகாது. உசிலம்பட்டியில் சந்தைக்காரனிடம் எகிறிப் பேசி வளர்ந்தவள், இதற்கு மட்டும் பயந்தாள். நமக்கெல்லாம் பூட்டு எங்கே போட்டால் திறக்காது என்று மாமியார்களுக்கு நன்றாகத் தெரியும்.

1974-இல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வியாதி உண்டா என்று கேட்டார்கள். அம்மா வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னாள். அகிலாண்டம் அவர்களுக்கு இட்லி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அடுத்த குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வெளியே அம்மா, “அவளுக்கு அதுக்கு மேல வாய்க்கலை, பேரனைப் பாக்கக் கொடுத்துவைக்கலை” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிரஷர் பார்க்க யாரும் கூட்டிப்போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் பதினாலு வருஷத்தில் இருபத்தெட்டுத் தடவை. ஒரு தடவைகூட இல்லை.

எண்பதுக்குப் பிறகு அகிலாண்டத்துக்கு அடிக்கடி தலைவலி வந்தது. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குடத்தைத் தூக்கினால் நெஞ்சில் ஏதோ அடைத்தது. எங்கள் வீட்டில் இதற்கு வாயு என்று பெயர் வைத்தார்கள். பெருங்காயம், ஓமத்தண்ணீர், இஞ்சிமொறப்பா என்று எல்லாம் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு நாரத்தங்காய். வாயுவுக்கு அதைவிட மருந்து இல்லை என்று அம்மா தினம் தன் கையாலேயே தயிர்சாதத்துக்கு மூன்று துண்டு வைப்பாள். உப்பைக் குறை என்று டாக்டர் சாரதாம்பாள் சொன்னதை அம்மாவும் பக்கத்தில் நின்றுதான் கேட்டாள். வேண்டுமென்றே செய்தாளா என்று என்னை ராதாமணி பின்னால் ஒரு தடவை கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குக் கொடுமை தெரியாது. இல்லை என்று சொல்லிச் சொல்லி, இல்லவே இல்லை என்று அவளே நம்பிவிட்டாள். அந்த வகை மூளையோடு ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கிடையில் ராதாமணி வளர்ந்துவிட்டாள். என் கல்யாணத்துக்காக மூடி வைத்ததை இனி அவள் கல்யாணத்துக்காக மூடி வைக்க வேண்டும். “இன்னும் அஞ்சாறு வருஷத்துல இவ ஜாதகத்தை வெளியில எடுக்கணுமே. அம்மாக்காரிக்கே வலிப்புன்னா?” என்றாள் அம்மா. இந்தத் தடவை ரத்த சம்பந்தம் இருந்ததால் அவளுக்கு இன்னும் தைரியம்.

1987 ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. அகிலாண்டம் காளவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி என் வீட்டுக்கு வந்தாள். நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு நாலு நிமிஷ நடை. அதற்குள் மூன்று கடை வாசலில் நின்று நின்று வந்திருக்கிறாள். முப்பத்தேழு வயது. உள்ளே வந்ததும் தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“அம்மிக்கல்லைத் தூக்கி வச்சாப்ல இருக்குடி ஸ்யாமளா. இடதுகை வரைக்கும் இழுக்கறது.”

தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் அவளே சொன்னாள். “இது வாயு இல்லை. எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா சொன்னது வந்துடுத்து.”

காளவாசல் முக்கில் டாக்டர் வெங்கடசுப்பிரமணியன் கிளினிக் வைத்திருந்தார். என் கணவருக்குப் பெரியப்பா பிள்ளை. கைராசிக்காரர், நிதானமாகக் கேட்டுப் பார்ப்பவர். சாயங்காலம் அவரிடம் போவது என்று முடிவு செய்தோம். அண்ணாவுக்கும் சொல்லி அனுப்பினேன். அவன் வருவதற்குள் அகிலாண்டம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வாயைத் திறக்க முடியாது. உனக்கே தெரியும். உங்கண்ணா சொல்ல மாட்டார். நீ சத்தியம் ஒண்ணும் பண்ணலையே. டாக்டர் கேக்கறச்சே நீ சொல்லு. அம்புட்டுதான் நான் உன்கிட்டக் கேக்கறது.”

“சொல்றேன் மன்னி. கட்டாயம் சொல்றேன்” என்றேன். சொல்லும்போது சொல்லத்தான் நினைத்தேன்.

கிளினிக்கில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் பிரஷர் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார். நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

“பிரஷர் கூடத்தான் இருக்கு. வெயில்ல பஸ்ஸுல வந்திருக்கேள், பயம் வேற. அதனாலயும் இருக்கலாம். இந்த வயசுல பொம்மனாட்டிகளுக்கு நெஞ்சுவலின்னா பெரும்பாலும் வயித்துல இருந்துதான் வரும். ஆனா ஒண்ணு கேக்கணும். முன்னால எப்பவாவது பிரஷர் இருந்துதா? பிரசவத்தப்போ வீக்கம், வலிப்பு, ஏதாவது? இருந்ததுன்னா நான் இதை வேற மாதிரிப் பாக்கணும். இப்பவே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பணும்.”

“ஒண்ணும் கிடையாது டாக்டர். சுகப்பிரசவம்” என்றான் என் அண்ணா. அவளுக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை. கேட்ட மாத்திரத்தில் சொன்னான். அலமாரியில் தேட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் கைக்கு வந்த பொய்.

டாக்டர் அகிலாண்டத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டரும் அந்தப் பார்வை போன பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கோ ஸ்யாமளா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மாமியாரிடம் அம்மா சொன்ன பொய் என் கண்முன் வந்தது. இவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார், மனைவி என் மாமியாரிடம் சொல்வாள், என் மாமியார் என் கணவரை வைத்துக்கொண்டே, ஏமாற்றிக் கட்டிக்கொடுத்த குடும்பம் என்பாள். அந்தத் தெருவில் எனக்கு நல்ல பெயர். லெக்சரர் வீட்டு மாமி. நவராத்திரிக் கொலுவில் முதல் தாம்பூலம் எனக்குத்தான் கொடுப்பார்கள். இதோ, நான் காப்பாற்ற நினைத்தது இதைத்தான். வெற்றிலை பாக்கு.

“எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்” என்றேன்.

வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து வந்து மறுபடி பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தியா, வாயுதான். அம்மா கரெக்டாச் சொன்னா” என்று மருந்துக் கடைக்குப் போனான். நானும் அவளும் ரோட்டோரம் நின்றோம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“விடு. உன்னைத் தப்பா நினைக்கலை” என்றாள் அகிலாண்டம். பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, “நீ உங்கம்மா பொண்ணுதானே” என்றாள்.

இருபத்தோரு வருஷம் வளர்த்த அம்மா திட்டிய திட்டும் ஞாபகம் இல்லை, மாமியார் பேசியதும் ஞாபகம் இல்லை. இது மட்டும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வாரேன் என்று கையை ஆட்டினாள்.

பத்து நாள் கழித்து யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் போய்ச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். கிளினிக் என் வீட்டிலிருந்து இருநூறு அடி. இரண்டு தடவை வாசல்வரை போனேன். ஒரு தடவை கூட்டமாக இருந்தது. இன்னொரு தடவை கூட்டமே இல்லை, டாக்டர் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன்.

ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிந்து மூன்றாம் வகுப்புக்குள் போனவள் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சைக் காட்டினாளாம். பேச முடியவில்லையாம். அவளுக்கு வாயுத் தொந்தரவு உண்டு, வந்தால் சோடா வாங்கிக் கொடுங்கள் என்று என் அண்ணா முன்கூட்டியே பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தான். பொறுப்பான புருஷன். அவர்களும் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். அது இறங்குகிறதா என்று முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். அப்புறம்தான் ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், மாரடைப்பு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். இவ்வளவு சின்ன வயதில் ஏன் என்று அவருக்கே புரியவில்லை. “முன்னாடி பிரஷர் ஏதாவது இருந்ததா?” என்று அண்ணாவிடம் கேட்டார்.

“இல்லவே இல்லை” என்றான். அவள் ஸ்டிரெச்சரில் கிடக்கிறாள். இனி யார் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தானோ தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பதின்மூன்றாம் நாள் சுபம். விளாங்குடி வீட்டில் நாற்பது பேர் சாப்பிட்டார்கள். கூடத்தில் ஆண்கள் பந்தி. பிச்சுமணி மாமா இலை நிறைய வாங்கிப் போட்டுக்கொண்டு, “மகாராசி, பூவும் பொட்டுமாப் போயிட்டா. ஒரு நாள் படுக்கையில கிடந்தாளா?” என்றார். “ஒரு நாள் தலைவலின்னு சொன்னதில்லை மாமா. இப்படித் திடீர்னு போவான்னு யார் கண்டா?” என்றான் என் அண்ணா. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தண்ணீர் நிஜம்.

நான் கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்படியே பந்திக்கு நடுவில் நின்றுவிட்டேன்.

“திடீர்னு இல்லை” என்றேன். “யார் கண்டான்னா கேக்கறே? நீ கண்டே. அம்மா கண்டா. நான் கண்டேன்.”

சொன்னேன். வீங்கின கை, சோப்பு, வலிப்பு, டாக்டர் சாரதாம்பாள் சொன்னது, எரித்த தாள், குழந்தை தலையில் வாங்கிய சத்தியம், நாரத்தங்காய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பந்தியில் என் கணவர் இருந்தார், என் மாமனார் இருந்தார். டாக்டர் வெங்கடசுப்பிரமணியன் சாதத்தைப் பிசைந்த கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். “நான் கேட்டேனே. ரெண்டு பேரையும் கேட்டேனே” என்று மெதுவாகச் சொன்னார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

“வாயை மூடுடி பாவி! பத்துப் பேருக்கு நடுவுல என்ன பேச்சு? நாளைக்கு ராதாமணிக்கு ஒரு இடம் வர வேண்டாமா?”

“அவளுக்குத்தாம்மா சொல்றேன்” என்றேன். “நாளைக்கு அவ உண்டானா, முதல் மாசமே டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். சொல்லாம அவளையும் கொல்லப்படாது.”

ராதாமணி சமையலறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். பதினாலு வயது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்ள வேண்டும் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தக் கூடத்தில் முதல்முதலாக உண்மை பேசியவள் நான்தான் என்று அந்தக் கணத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

“டாக்டர் மாமா அம்மாவைக் கேட்டப்போ நீ எங்க இருந்தே அத்தை?” என்று கேட்டாள் ராதாமணி.

“பக்கத்துலதான் இருந்தேன்” என்றேன்.

அவள் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.